வாக்கில்லாதவர்களின் வேட்பாளர்

(2025 நவம்பரில் டோட்முண்டில் நடந்த எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களை விரித்திருக்கிறேன். பேச்சுத் தமிழ் வந்த இடங்களில் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.)



"நகரசபைத் தேர்தலில் நாங்கள் நிற்கவேண்டுமா?" என்ற கேள்வியோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நிற்கவேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் யாருக்காக நிற்கிறோம் என்ற கேள்வி அதைவிடப் பெரிது. அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைக்கப் போகிறேன்.

முதலில் விபரம். செப்டம்பர் 14ஆம் திகதி நோர்த்றைன்-வெஸ்ற்பாலன் மாநிலம் முழுக்க உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ரூர் பகுதியில் நான் பிறந்து வளர்ந்த நகரத்தில், ஓர் இடதுசாரிப் பட்டியலில் நான் வேட்பாளர். கட்சி உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். எனக்கு 9ஆம் இடம், பட்டியலுக்குக் கிடைத்தது 4 ஆசனம். ஆக, நான் இன்று நகரசபை உறுப்பினர் இல்லை. முதுகலைப் படிப்பையும் பகுதிநேர வேலையையும் வைத்துக்கொண்டு நாலு மாதம் வீடு வீடாகப் போன ஆள், அவ்வளவுதான்.

எங்கட மாநிலத்தில் நகரசபைக்கு ஓராளுக்கு ஒரு வாக்கு. அதைத் தொகுதி வேட்பாளருக்குப் போட்டால் அதே வாக்கு பட்டியலுக்கும் கணக்கு. பட்டியலின் வரிசையை வாக்காளர் மாற்ற ஏலாது. ஹெஸ்ஸனிலும் பவாரியாவிலும் அப்படியில்லை. அங்கே ஒரு வேட்பாளருக்கு மூன்று வாக்கு வரை கொடுக்கலாம், வேறு வேறு பட்டியல்களில் இருந்து ஆட்களைக் கலந்தும் எடுக்கலாம். கடைசி இடத்தில் இருப்பவரைச் சனம் மேலே தூக்கிவிடலாம். அந்த இரண்டு மாநிலத்திலும் 2026 மார்ச்சில் தேர்தல். பிராங்பேர்ட்டில், மியூனிக்கில் இருக்கும் தோழர்கள் "கீழ் இடம்தானே தருகிறார்கள்" என்று ஒதுங்கவேண்டாம்.

இனி வாசலுக்கு வருவோம்.

என் தொகுதியில் ஓரளவு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து மணி அடித்தால் பெரும்பாலும் கதவு திறக்கும், தேத்தண்ணியும் வரும். ஆனால் ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள். இங்கே பிறந்த மகளுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு, அவவுக்கு வாக்கு உண்டு. அம்மா பத்து வருடத்துக்கு முன் குடியுரிமை எடுத்தவ, அவவுக்கும் உண்டு. அப்பா 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது, வாக்கு இல்லை. அப்படி ஒரு வீட்டில் ஒரு ஐயா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, எனக்கு வாக்கு இல்லை. ஆனா ஒண்டு கேக்கலாமோ?"

அவர் கேட்டது பஸ்ஸைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தரைக்கு அவர் வேலையில் நிற்கவேண்டும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது. முப்பது வருடமாகச் சைக்கிள். இப்போது முழங்கால் ஏலாது. பஸ் நேர அட்டவணை நகரசபையின் விடயம். நகர எல்லைக்குள் எந்தத் தடம் எத்தனை மணிக்கு ஓடவேண்டும் என்பதை நகரம் முடிவெடுக்கிறது, அதற்கான காசையும் நகரம்தான் கொடுக்கிறது. அந்தத் தேர்தலில் நான் கேட்ட கேள்விகளிலேயே நகரசபைக்கு மிகப் பொருத்தமான கேள்வி அதுதான். அதைக் கேட்டவர் "கேக்கலாமோ" என்று அனுமதி கேட்டுத்தான் கேட்டார்.

அந்தக் "கேக்கலாமோ" எங்கிருந்து வந்தது? அவரின் சுபாவம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு திகதி இருக்கிறது: 1990 ஒக்டோபர் 31.

1989இல் இரண்டு மாநிலங்கள் வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை கொடுக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஆறு ஐரோப்பிய நாடுகளின் குடிமக்களுக்குக் கொடுத்தது. ஹம்பேர்க் இன்னும் முன்னுக்குப் போனது: எந்த நாட்டவராக இருந்தாலும், எட்டு வருடம் வதிவிட உரிமையோடு இருந்தால் மாவட்ட சபைகளுக்கு வாக்களிக்கலாம். அந்தச் சட்டம் நின்றிருந்தால் 80களில் வந்த எங்கட ஆட்கள் பலர் 90களிலேயே ஹம்பேர்க்கில் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள். சி.டி.யு., சி.எஸ்.யு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். கார்ல்ஸ்றூவ அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு சட்டங்களையும் செல்லாது என்றது. அரச அதிகாரம் எல்லாம் மக்களிடமிருந்து வருகிறது என்று அடிப்படைச் சட்டம் சொல்கிறது. அந்த "மக்கள்" என்றால் ஜேர்மன் குடிமக்கள், நகரசபைக்கும் அதே கணக்குத்தான் என்பது தீர்ப்பு.

சுமார் இரண்டு வருடம்தான் போனது. மாஸ்ற்றிக்ற் ஒப்பந்தம் வந்தது, 1992 டிசம்பரில் அடிப்படைச் சட்டத்தையே திருத்தினார்கள். இத்தாலியரும் கிரேக்கரும் இன்று இங்கே நகரசபைக்கு வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். நல்லது, எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் வந்த ஐரோப்பியக் குடிமகனுக்கு உள்ள உரிமை, நாற்பது வருடம் இந்த ஊரில் பாத்திரம் கழுவி வரி கட்டிய தமிழருக்கோ துருக்கியருக்கோ இல்லை. அரசியல் விருப்பம் இருந்தால் "மக்கள்" என்ற சொல்லைத் திறக்கலாம் என்பதை அந்தத் திருத்தமே காட்டிவிட்டது. 2013இல் பிறேமன் மாநிலம் இன்னொரு தடவை முயற்சி செய்தது. அதன் சொந்த அரசியலமைப்பு நீதிமன்றமே தடுத்தது.

பக்கத்தில் நோர்வேயைப் பாருங்கள். 1983இலிருந்து, மூன்று வருடம் வசித்த எந்த வெளிநாட்டவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நோர்வே அதனால் உடைந்து விழவில்லை. ஒஸ்லோவில் கம்ஷாயினி குணரத்தினம் 2007இல் 19 வயதில் நகரசபைக்குத் தெரிவானார், 2015இல் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் போனார். அவரின் திறமையும் உழைப்பும் பெரிது. 2011இல் உத்தோயா தீவில் கொலையாளியிடமிருந்து நீந்தித் தப்பிய பிறகும் அரசியலில் நின்றவர். ஆனால் அவர் வளர்ந்த அரசியல் சூழலில், கடவுச்சீட்டு இல்லாத அகதியின் வீட்டு வாசலுக்கும் கட்சிகள் வாக்குக் கேட்டு வரவேண்டியிருந்தது. இங்கே அந்தத் தேவை யாருக்கும் இல்லை. கட்சிக்காரர் முகவரிப் பட்டியலைப் பார்த்து, வாக்கில்லாத வீட்டைக் கடந்து போகிறார்கள். இதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்றில்லை. நேரம் குறைவு, வாக்கு இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். அதனால்தான் இது பொல்லாதது.

தோழர்களே, இது எங்களுக்குப் புதிய கதை இல்லை. இலங்கையில் 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் இலங்கை இந்தியக் காங்கிரசில் இருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஆதரவு கொடுத்தார்கள். அடுத்த வருடம், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் பட்டியலில் இருந்து அவர்களை நீக்கினார்கள். சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. செல்வநாயகம் எதிர்த்து, பிறகு பொன்னம்பலத்தின் கட்சியை விட்டே பிரிந்தார். மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம். அந்த ஐம்பத்தைந்து வருடத்தில் தோட்டத்து லயன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வாக்கு இல்லாத தொழிலாளியின் தெருவுக்கு விளக்கு கடைசியாகத்தான் வரும்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்த உரிமையைப் பறித்தார்கள், இங்கே கொடுக்கவில்லை. இங்கே குடியுரிமைக்கு ஒரு வழியும் திறந்திருக்கிறது. ஆனால் "உழைப்பு வேணும், வாக்கு வேண்டாம்" என்ற ஏற்பாட்டை நாங்கள் பார்த்தவுடனே அடையாளம் காணவேண்டும். மலையக மக்களைப் பற்றிக் கூட்டம் வைக்கிற நாங்கள் இங்கே எங்கட பக்கத்து வீட்டு அல்பேனிய அன்ரியின் வாக்கைப் பற்றியும் கதைக்கவேண்டும்.

"சரி, நகரசபைக்கு அப்படி என்ன அதிகாரம்? குப்பை எடுக்கிறதுதானே" என்று ஒரு தோழர் கேட்டார். உண்மை, வதிவிடச் சட்டத்தை நகரசபை எழுதுவதில்லை, அது பேர்லினில் எழுதப்படுவது. ஆனால் எங்கட மாநிலத்தில் வெளிநாட்டவர் அலுவலகம் - நாங்கள் வீட்டில் சொல்லும் அவுஸ்லெண்டர் அம்ற் - பெரிய நகரங்களில் நகர நிர்வாகத்தின் ஒரு பகுதி. குடியுரிமை விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலகமும் அப்படித்தான். சட்டம் மேலிருந்து வருகிறது. அங்கே எத்தனை பேர் வேலைக்கு இருக்கவேண்டும் என்பது நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது. ஒரு அனுமதி காலாவதியாகி, புதியது வர மாதக்கணக்காகி, அதற்குள் வேலை பறிபோன ஆட்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அது சட்டத்தால் வந்த துன்பம் மட்டும் இல்லை. நிரப்பாமல் விட்ட பதவிகளாலும் வந்தது. அந்தப் பதவிகளுக்கான வரி வரவு செலவுத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து எழுப்பக் கூடியவர் நகரசபை உறுப்பினர்.

வீடும் அப்படித்தான். 2006 மார்ச்சில் டிரெஸ்டன் நகரசபை தன் வீட்டு நிறுவனம் முழுவதையும், கிட்டத்தட்ட 48,000 வீடுகளை, ஃபோர்ட்றெஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கடன் தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். அன்று ஆம் என்று கை தூக்கியவர்களில் இடதுசாரிக் குழுவின் ஒரு பகுதியும் இருந்தது. பத்து வருடம் கடந்து அதே நகரம் புதிதாக ஒரு வீட்டு நிறுவனம் தொடங்கவேண்டி வந்தது. அதே 2006 நவம்பரில் ஃபிரைபூர்க்கில் இதே மாதிரி ஒரு விற்பனைத் திட்டம் வந்தபோது, வாடகைக்காரரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நகர வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 70 வீதம் பேர் விற்காதே என்றார்கள். வீடுகள் நகரத்திடமே நின்றன. இடதுசாரி ஆசனம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு டிரெஸ்டன் பதில். ஆசனமே வேண்டாம், தெருப் போராட்டம் போதும் என்பவர்களுக்கு, டிரெஸ்டனில் ஒரு சில கைகள் வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கச் சொல்வேன்.

அடுத்தது, "எங்கட ஆள்" என்ற கதை. நான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் பலர் வாழ்த்தினார்கள்: "ஒரு தமிழ்ப் பிள்ளை நிக்குது, பெருமை." அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் பெருமை மட்டும் போதுமென்றால் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. இலங்கையில் பிறந்த தமிழர், கொள்கலன் தொழிலதிபர் இயன் கரன், 2010 ஓகஸ்ட் முதல் 2011 மார்ச் வரை ஹம்பேர்க்கின் பொருளாதார அமைச்சராக இருந்தார், சி.டி.யு. தலைமையிலான அரசில். இந்தியத் தந்தைக்குப் பிறந்த அசோக் ஸ்ரீதரன் 2015 முதல் 2020 வரை பொன் நகரத்தின் மேயர், அவரும் சி.டி.யு. அவர்கள் தங்கள் அரசியலைச் செய்தார்கள், அது அவர்களின் உரிமை. சமையலறையில் நிற்கும் எங்கட மாமாக்களுக்கு அதனால் ஒரு வாக்குக் கூடியதா? பெயர் ஒரு கதவைத் திறக்கும். உள்ளே போய் என்ன கேட்கிறோம் என்பதைப் பெயர் சொல்லாது.

மற்றப் பக்க உதாரணமும் உண்டு. பூனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், 2010இல் அமெரிக்கக் குடியுரிமை எடுத்து, 2013இல் சோசலிஸ்ற் வேட்பாளராக சியாற்றில் நகரசபைக்கு வென்றார். அடுத்த வருடமே 15 டொலர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அங்கே நிறைவேறியது. ஒற்றை ஆளாக அவர் செய்த வேலை இல்லை அது. துரித உணவுக் கடைத் தொழிலாளர் ஏற்கெனவே வேலைநிறுத்தம் செய்து தெருவில் நின்றார்கள், அவர் அந்தக் கோரிக்கையை உள்ளே கொண்டுபோனார். ஜேர்மன் நகரசபைக்குச் சம்பளச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை, அதைப் பிரதி பண்ண ஏலாது. வெளியே இயக்கம் இருந்தால்தான் உள்ளே ஆசனத்துக்கு அர்த்தம் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும்.

பெரியவர்களின் பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் நிற்பதைக் கேட்டு என் குடும்பத்தில் ஒருவர் சொன்னது: "படிப்பை முடி, உந்த வேலை எங்களுக்கு வேண்டாம்." எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவர்களின் நினைவில் "மேயர்" என்ற சொல் என்னவாக இருக்கிறது என்று யோசித்தேன். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 மே மாதம் மேயர் சரோஜினி யோகேஸ்வரன், அதே வருடம் செப்டம்பரில் அவருக்குப் பின் வந்த மேயர் பொன் சிவபாலன். ஒரே நகரசபை, மூன்று கொலைகள். "அரசியல் வேண்டாம்" என்று சொல்பவர் அரசியல் தெரியாதவர் இல்லை, அதை மிகக் கிட்டத்தில் பார்த்தவர். அவரோடு வாதாடி வெல்ல நான் முயலவில்லை. துண்டுப்பிரசுரத்தின் தமிழைச் சரிபார்த்துத் தாங்கோ என்று கேட்டேன். பார்த்துத் தந்தார், பதினொரு பிழை திருத்தி.

பயத்துக்கு இங்கேயும் காரணம் கூடுகிறது. 2020இல் எங்கட மாநிலத்தில் ஏ.எப்.டி. எடுத்தது 5.1 வீதம். இந்த செப்டம்பரில் 14.5. கெல்சன்கிர்ஷனிலும் டுயிஸ்பூர்க்கிலும் ஹாகனிலும் மேயருக்கான இரண்டாம் சுற்று வரை வந்தார்கள். மூன்றிலும் தோற்றார்கள். ஆனால் சபைகளுக்குள் அவர்கள் இப்போது பெரிய குழுக்கள். இந்தத் தொழிலாளர் நகரங்களில் மிக மோசமாகப் பேசப்படும் ஆட்களில் பலருக்கு அதற்கு எதிராகப் போட ஒரு வாக்குச் சீட்டுக்கூட இல்லை.

இனி என்ன செய்வது? அடுத்த தேர்தல் 2030இல். அதற்குள் நாங்கள் செய்யக்கூடிய மூன்று வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, குடியுரிமை. 2024 ஜூன் 27இலிருந்து ஐந்து வருட வதிவிடம் போதும், ஜேர்மனியின் பக்கத்தில் பழைய குடியுரிமையை விடவும் தேவையில்லை. கட்டணம் 255 யூரோ. எங்கட பெரியவர்கள் தடக்குப்படுவது பி1 மொழிச் சோதனையில். 1974 ஜூன் 30க்கு முன் வந்த ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பேச்சு மொழி தெரிந்தால் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். 80களில் வந்த அகதிகள் அதற்குள் அடங்கவில்லை. அவர்கள் வந்த காலத்தில் மொழி வகுப்புக்கு வழியில்லை, பலருக்கு வேலை செய்யவே தடை, அதுவும் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஆனால் அதே சட்டத்தில் கடினநிலை விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: உண்மையாக முயன்றும் பி1 எட்டமுடியாதவர், அன்றாட வாழ்வில் டொச் பேசிச் சமாளிக்கக் கூடியவர் என்றால் அதை ஏற்கலாம். வயது, நோய் காரணமான விலக்கும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. வகுப்புக்குப் போன சான்று, மருத்துவர் கடிதம் எல்லாம் சேர்த்து ஒழுங்காக எழுதவேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள் இருக்கிறோம்.

இரண்டாவது, வாக்கு இல்லாமலே பாவிக்கக்கூடிய உரிமைகள். எங்கட மாநில உள்ளூராட்சிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, மூன்று மாதம் அந்த ஊரில் வசிக்கும் யாரும், எந்தக் கடவுச்சீட்டாக இருந்தாலும், நகரசபைக்கு எழுத்தில் கோரிக்கையோ முறைப்பாடோ கொடுக்கலாம். 25ஆம் பிரிவு இன்னும் பெரிது: போதிய கையெழுத்து இருந்தால் ஒரு விடயத்தைச் சபை எடுத்து முடிவு செய்தே ஆகவேண்டும். பெரிய நகரங்களில் 4 வீதம், கூடியது 8,000 கையெழுத்து. 14 வயதுப் பிள்ளையும் போடலாம், வெளிநாட்டவரும் போடலாம். 58ஆம் பிரிவின் கீழ், சபைக் குழுக்களில் ஆலோசனைக் குரலோடு உட்காரும் "விடயமறிந்த குடியிருப்பாளர்" என்ற இடம் உண்டு. அதற்கும் ஜேர்மன் குடியுரிமை தேவையில்லை, ஆனால் சபை நியமிக்கவேண்டும். இடதுசாரிக் குழுக்களிடம் நாங்கள் இந்த இடங்களைக் கேட்கவேண்டும்: போக்குவரத்துக் குழுவுக்கு அதிகாலைப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவரை அனுப்புங்கோ என்று.

மூன்றாவது, எல்லாருக்கும் உள்ளூராட்சி வாக்குரிமை என்ற கோரிக்கையை எங்கட வேட்பாளர்கள் ஒவ்வொருவரும் துண்டுப்பிரசுரத்தின் முதல் பக்கத்தில் போடவேண்டும். அதற்கு அடிப்படைச் சட்டத்தைத் திருத்தவேண்டும், மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். நகரசபை அதைச் செய்ய ஏலாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 1992இல் செய்தார்கள். தனியே எங்களுக்காக இல்லாமல், துருக்கிய, சிரிய, கொசோவோ அயலவரோடு சேர்ந்து கேட்கவேண்டியது இது.

வேட்பாளராக நிற்கப்போகும் தோழர்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து வீடு தெரியாதீர்கள். எல்லாக் கதவையும் தட்டுங்கள். வாக்கில்லாதவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்" என்று நீங்களே முதலில் கேளுங்கள், அவர் அனுமதி கேட்கும்வரை நிற்கவேண்டாம். தேர்தல் முடிந்த பிறகு, வென்றாலும் தோற்றாலும், அதே வாசலுக்குத் திரும்பப் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

சனவரிச் சந்திப்பில் குடியுரிமை விண்ணப்பங்களை நிரப்பும் மேசை ஒன்று போடுவோம். வரும்போது ஒவ்வொருவரும் வாக்கில்லாத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வதிவிட அனுமதி அட்டையும் கடைசிச் சம்பளத் துண்டுகளும் கையோடு இருக்கட்டும். எழுதும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.